வாணலியில் பிடித்த வைஃபை

இந்தோனேசியாவின் தொழிற்பள்ளிகளில் கணினி படித்த பிள்ளைகள் நாட்டின் பொதுத்தேர்வையே தாங்கி நிறுத்தினார்கள். ஊருக்குள் இணையத்தை இழுத்து வந்தார்கள். ஆனாலும் அரசின் வேலையின்மைக் கணக்கில் வருடம் தவறாமல் முன்னால் நிற்பது அவர்கள் படித்த பள்ளிகள்தான்.

2013 ஏப்ரலில் இந்தோனேசியக் கல்வித்துறை நாடறிய அவமானப்பட்டது. நம்மூர் பிளஸ் டூ போல அங்கேயும் மேல்நிலைப் பள்ளி முடிவில் ஒரு தேசியத் தேர்வு இருந்தது. தேர்வு நாள் வந்துவிட்டது, கேள்வித்தாள் வந்து சேரவில்லை. ஒப்பந்தம் எடுத்த அச்சகம் வேலையை முடிக்கவில்லை. பாலி, சுலாவெசி, நுசா தெங்காரா, கலிமந்தானின் ஒரு பகுதி என்று 11 மாநிலங்களில் தேர்வைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. கல்வி அமைச்சர் முகமது நூ மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். கேள்வித்தாள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த ஊர்களிலும் நிம்மதி கிடையாது. விடைகள் முதல் நாளே கைமாறிவிட்டன என்ற புகார் ஆண்டுதோறும் கிளம்பும்.

காகிதமே வேண்டாம், கணினியில் எழுதட்டும் என்று முடிவெடுத்தார்கள். முடிவெடுப்பது சுலபம். ஆயிரக்கணக்கான தீவுகளில் சிதறிக் கிடக்கும் நாட்டில், ஒரே நேரத்தில் நூறு பிள்ளைகளை உட்கார வைத்துத் தேர்வு எழுத வைக்கும் அளவுக்குக் கணினியும், அதை ஓட்டத் தெரிந்த ஆளும் எந்தப் பள்ளியில் இருக்கிறார்கள்?

2015இல் கணினி வழித் தேர்வு தொடங்கியபோது களத்தில் இறங்கியவை 556 பள்ளிகள். அதில் நடுநிலைப் பள்ளிகள் 42, பொது மேல்நிலைப் பள்ளிகள் 135. மீதி 379ம் 'எஸ்எம்கா' என்று அந்த நாட்டில் அழைக்கப்படும் தொழிற்கல்வி மேல்நிலைப் பள்ளிகள். நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள் பொதுப்பள்ளிக்குப் போவார்கள், வாங்காதவர்கள் தொழிற்பள்ளிக்குப் போவார்கள் என்பது அந்த ஊர்ப் பெற்றோர் மனதில் ஊறிப்போன கணக்கு. அடுத்து வந்த ஆண்டுகளில், பொதுப்பள்ளி மாணவர்கள் பக்கத்துத் தொழிற்பள்ளியின் கணினி அறையைக் கேட்டு வாங்கி, அங்கே போய்த் தேர்வு எழுதிவிட்டு வந்தார்கள். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2013இல் வந்த புதிய பாடத்திட்டம்தான் பொதுப்பள்ளிகளில் தகவல் தொழில்நுட்பத்தைத் தனிப் பாடமாக வைத்திருக்க வேண்டாம் என்று எடுத்துவிட்டிருந்தது. பாடத்தை எடுத்த கையோடு தேர்வைக் கணினிக்கு மாற்றியது அதே கல்வி அமைச்சகம்.

தேர்வு முறையும் தொழிற்பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே வடிவமைத்தது போலிருந்தது. முழுக்க முழுக்க இணையத்தை நம்பினால் பாதி நாட்டில் தேர்வு நடக்காது. அதனால் முந்தின நாளே ஜகார்த்தாவிலிருந்து கேள்விகளைப் பள்ளியின் சர்வருக்கு இறக்கி வைத்துவிடுவார்கள். தேர்வு நேரத்தில் மாணவர்களின் கணினிகள் அந்த உள்ளூர் சர்வரோடு மட்டும் பேசும். எழுதி முடித்த விடைகள் பிறகு மேலே ஏறும். நாளுக்கு மூன்று அமர்வு. சர்வர் நின்றால் தேர்வு நிற்கும். ஒரு கேபிள் தலை தளர்ந்தால் ஒரு பிள்ளையின் திரை உறையும். பொறுப்பு ஆசிரியர்களுடையது என்றாலும், அறையில் கேபிள் ஓட வைத்ததும், ஒவ்வொரு கணினியையும் துடைத்து மென்பொருள் ஏற்றியதும் பல இடங்களில் வலைப்பின்னல் படிக்கும் மாணவர்களும் அவர்களுடைய ஆசிரியர்களும்தான். 2020இல் கொரோனா வந்து தேர்வு ரத்தானது. மறு ஆண்டு அந்தத் தேசியத் தேர்வே ஒழிக்கப்பட்டது. ஆனால் அந்த ஐந்தாறு வருடத்தில் எந்தப் பாடப்புத்தகமும் தராத பயிற்சியைத் தொழிற்பள்ளிகள் பெற்றுவிட்டன.

அடிதடிப் பள்ளியிலிருந்து

இந்தோனேசியாவில் ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் பாதை பிரிகிறது. ஒரு பக்கம் பொது மேல்நிலை, மதரசா மேல்நிலை. இன்னொரு பக்கம் தொழிற்பள்ளி. மூன்று வருடப் படிப்பு. மோட்டார் சைக்கிள் பழுதுநீக்கம், கணக்கியல், சமையல், அழகுக்கலை, மீன்வளம், கப்பல் ஓட்டுதல் என்று பிரிவுகள் ஏராளம். நாடு முழுக்க சுமார் 14 ஆயிரம் தொழிற்பள்ளிகள். நான்கில் மூன்று தனியாருடையவை. படிக்கும் பிள்ளைகள் ஐம்பது லட்சத்தை ஒட்டி.

இவற்றின் மூதாதைக்கு 'எஸ்தேஎம்' என்று பெயர். தொழில்நுட்ப மேல்நிலைப் பள்ளி. பெயர் மாறி முப்பது வருடம் ஆகப்போகிறது என்றாலும் ஜகார்த்தாவில் 'எஸ்தேஎம் பையன்' என்றால் இன்றும் ஒரே அர்த்தம்தான்: பெல்ட்டைச் சுழற்றிக்கொண்டு தெருவில் அடுத்த பள்ளிக்காரனோடு மோதுபவன். 2019 செப்டம்பரில் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத் திருத்தத்தை எதிர்த்துக் கல்லூரி மாணவர்கள் நாடாளுமன்றத்தை முற்றுகையிட்டபோது, மறுநாளே இந்தப் பையன்களும் லாரியிலும் ரயிலிலும் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்துகொண்டார்கள். கண்ணீர்ப்புகைக்கு அஞ்சாதவர்கள் என்று சமூக வலைதளங்களில் கொண்டாடவும் பட்டார்கள். அந்தக் கொண்டாட்டத்திலும் கொஞ்சம் ஏளனம் கலந்துதான் இருந்தது.

இரண்டாயிரங்களின் நடுவில் அரசு ஒரு பெரிய கணக்குப் போட்டது. பத்தில் ஏழு பேர் தொழிற்பள்ளிக்கு, மூன்று பேர் பொதுப்பள்ளிக்கு என்று விகிதத்தைத் தலைகீழாக்க வேண்டும். 'எஸ்எம்கா பீசா', அதாவது எஸ்எம்காவால் முடியும், என்ற முழக்கம் தொலைக்காட்சி விளம்பரங்களில் ஓடியது. முழக்கத்தைக் கேட்ட தனியார் அறக்கட்டளைகள் பள்ளி தொடங்கக் கிளம்பின. லேத் பட்டறை வைத்தால் இயந்திரத்துக்கே பெரும் பணம் வேண்டும். கப்பல் படிப்புக்குக் கடலாவது வேண்டும். கணினிப் பிரிவுக்கு ஒரு அறை, இருபது கணினி, ஒரு ஏசி போதும். 'தேகாஜே' என்கிற கணினி, வலைப்பின்னல் தொழில்நுட்பப் பிரிவு சந்துக்குச் சந்து முளைத்தது இப்படித்தான். இந்தக் கதையின் பின்பாதியில் வரும் சிக்கலின் விதையும் இதுதான்.

எட்டு நிறம், ஒரு புள்ளி

தேகாஜே பிரிவில் சேர்ந்த பிள்ளை முதலில் கற்பது கேபிளுக்குத் தலை மாட்ட. ஒரு லேன் கேபிளின் மேலுறையை உரித்தால் உள்ளே எட்டு இழை. இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடி. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இந்த வரிசையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். பச்சை ஜோடி மட்டும் ஏன் நீலத்துக்கு இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது என்று கேட்கிற பிள்ளைக்கு நல்ல ஆசிரியர் பதில் சொல்வார்: நடுவில் உள்ள இரண்டு இடமும் பழைய தொலைபேசி இணைப்புக்கென்று ஒதுக்கியவை, அதைக் கலைக்காமல்தான் மற்றவை அடுக்கப்பட்டன. முறுக்கை ஏன் அதிகம் பிரிக்கக் கூடாது என்பதும் அங்கேயே வந்துவிடும். ஒரு ஜோடியின் இரண்டு இழைகளிலும் வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒரே அளவில் ஏறும், மறுமுனையில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரைச்சல் போய்விடும். முறுக்கு போனால் கழித்தல் போச்சு. இயற்பியல் வகுப்பில் தூங்கிய பையனும் கிரிம்பிங் கருவி கையில் இருக்கும்போது இதைப் புரிந்துகொள்கிறான். இழைகளைக் கோணலாக வெட்டி உள்ளே செருகியவனுக்கு டெஸ்டரில் எட்டு விளக்கில் ஒன்று எரியாது. வெட்டிப் போட்டுவிட்டு மறுபடியும் ஆரம்பிப்பான்.

அடுத்தது முகவரிக் கணக்கு. ஒரு வலைப்பின்னலை /26 என்று பிரித்தால் 64 முகவரி வரும், முதலும் கடைசியும் போக 62 கணினிக்குக் கொடுக்கலாம். தாளில் போட்ட கணக்கை சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசரில் வரைந்து பார்ப்பார்கள். கருவியே இல்லாத பள்ளிக்கு அந்த மென்பொருள்தான் ஆய்வகம்.

பிறகு டெபியன். லினக்ஸ் வகைகளில் ஒன்று. மௌஸ் கிடையாது, சன்னல் கிடையாது, கறுப்புத் திரையில் எழுத்துதான். பெயர்ச் சேவை, வலைச் சேவை, மின்னஞ்சல் என்று ஒவ்வொன்றாக சர்வரில் நிறுவ வேண்டும். இணையம் ஆமை வேகத்தில் இருந்த காலத்தில், மென்பொருள் தொகுப்புகள் முழுவதையும் டிவிடிகளில் வைத்துக்கொண்டு, டிவிடி ஒன்று, டிவிடி இரண்டு என்று மாற்றி மாற்றிச் செருகி நிறுவினார்கள். இந்தோனேசிய மொழியில் இன்றும் கிடைக்கும் பழைய டெபியன் கையேடுகளில் அந்த டிவிடி மாற்றும் படி தவறாமல் இருக்கும். எழுதியவர்களில் பலர் தொழிற்பள்ளி ஆசிரியர்கள், மாணவர்கள். பெயர்ச் சேவைக்கான கோப்பில் முழுப்பெயரின் கடைசியில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். விட்டுவிட்டால் சேவை பிழை எதுவும் சொல்லாமல் ஓடும். தளம் மட்டும் திறக்காது. அந்த ஒற்றைப் புள்ளியைத் தேடி ஒரு மத்தியானம் முழுவதும் போனவர்கள் எத்தனையோ பேர். பிழை எங்கே என்று யாரும் சொல்லாதபோது, முனையிலிருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டு வரும் பொறுமை இருக்கிறதே, படிப்பில் உருப்படியானது அதுதான் என்பது என் எண்ணம். சான்றிதழில் அதற்குக் கட்டம் இல்லை.

கடைசியாக மைக்ரோடிக். லாட்வியா நாட்டின் ரிகா நகரத்தில் 1996இல் தொடங்கிய நிறுவனம். அதன் ரூட்டர்களை இந்தோனேசியா தத்தெடுத்துக்கொண்டது என்றே சொல்ல வேண்டும். யோக்யகர்த்தாவில் நடந்த அதன் பயனர் கூட்டங்களுக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். காரணம் விலை. நம் காசுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கும் சின்னப் பெட்டியிலும், இணைய நிறுவனம் வைத்திருக்கும் பெரிய பெட்டியிலும் ஓடுவது ஒரே இயங்குதளம். பதினாறு வயதுப் பையன் பள்ளியில் எதைச் சொடுக்கிப் பழகினானோ அதே திரையைத்தான் நிறுவனத்திலும் பார்ப்பான். வேலைக்குத் தயார் என்று அமைச்சகம் அறிக்கைகளில் எழுதுகிற சொல்லுக்கு உண்மையில் பொருள் கொடுத்தது அந்த விலைமலிவான பெட்டிதான்.

மற்றப் பிரிவுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'எர்பேஎல்' மென்பொருள் பிரிவு. பிஎச்பியில் கடைக்கணக்கும் நூலகப் பதிவேடும் எழுதுவது அங்கே கிட்டத்தட்ட சடங்கு. மல்டிமீடியா படித்தவர்கள் கல்யாண வீடியோ, பேனர் என்று பிழைத்துக்கொள்கிறார்கள். மத்திய ஜாவாவின் குதுஸ் நகரில் ராடென் உமர் சயீத் பள்ளி அனிமேஷனில் பெயர் வாங்கியது. அதன் பின்னால் அதே ஊரின் ஜாரும் சிகரெட் நிறுவனத்தின் அறக்கட்டளைப் பணம் இருக்கிறது. அப்படி ஒரு புரவலர் எல்லா ஊருக்கும் அமைவதில்லை.

ஒரு வாணலி, ஒரு பிளாஸ்டிக் குழாய்

இனி வாணலிக்கு வருவோம். வைஃபை ஓடுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை இந்தோனேசியாவில் 2005 ஜனவரி வரை உரிமம் இல்லாமல் வெளியிடங்களில் பயன்படுத்தக் கூடாது என்று இருந்தது. கருவிகளைப் பறிமுதல் செய்த கதைகள் அந்தத் தலைமுறைக்காரர்களிடம் நிறைய உண்டு. அதை மக்களுக்குத் திறந்துவிடச் சொல்லி ஊர் ஊராகப் பேசியவர்களில் முக்கியமானவர் ஒன்னோ புர்போ. பாண்டுங் தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியராக இருந்து 2000இல் வேலையை விட்டு வந்தவர். இணையத்துக்குச் செய்த தொண்டுக்காக 2020இல் அவருக்கு இன்டர்நெட் சொசைட்டியின் ஜோனதன் போஸ்டல் விருது கிடைத்தது. ஆனால் தொழிற்பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் வேறு ஒன்றுக்காகத் தெரிந்தவர். 'வஜன்போலிக்' என்ற வாணலி ஆண்டெனாவைச் செய்வது எப்படி என்று நாடு முழுக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

மேற்கு ஜாவாவின் புர்வகார்த்தாவில் ஒருவர் கைவேலையாகச் செய்த கருவி அது. சந்தையில் விற்கும் அலுமினிய வாணலி ஒன்று. அதன் நடுவில் துளையிட்டு நிறுத்திய பிவிசி குழாய். குழாயின் மேல் அலுமினியத் தாள் சுற்றி, உள்ளே யூஎஸ்பி வைஃபை குச்சியைச் செருகி, கேபிளை வீட்டுக்குள் இறக்கினால் முடிந்தது. வாணலி சரியான பரவளையம் இல்லை, ஆனாலும் கிட்டத்தட்ட அதுதான். சிதறி வரும் அலையைத் திரட்டி ஒரு புள்ளியில் குவிக்கிறது. அந்தப் புள்ளி எங்கே என்று கண்டுபிடிக்க விட்டத்தை வர்க்கப்படுத்தி, ஆழத்தின் பதினாறு மடங்கால் வகுக்க வேண்டும். 70 சென்டிமீட்டர் வாணலி, ஆழம் 20 என்றால் சுமார் 15 சென்டிமீட்டர். வைஃபை குச்சி அங்கே நிற்க வேண்டும். விலை உயர்ந்த ஆண்டெனாவிலிருந்து நீளமான கோஆக்ஸியல் கேபிளில் சமிக்ஞையை இறக்கினால் வழியிலேயே பாதி கரைந்துவிடும். இதில் அலை மேலேயே தரவாக மாறி யூஎஸ்பி வழியாக இறங்குகிறது. யூஎஸ்பி கேபிள் ஐந்து மீட்டருக்கு மேல் ஓடாது என்பது அடுத்த தலைவலி. லேன் கேபிளையே யூஎஸ்பி கேபிளாக ஒட்டிப்போட்டு அதையும் நீட்டிப் பார்த்தார்கள். பள்ளிகளில் இதற்கென்றே பயிற்சி முகாம்கள் நடந்தன. மொட்டை மாடியில் ஏறி, மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டே வாணலியை அங்குலம் அங்குலமாகத் திருப்புவதுதான் செய்முறைத் தேர்வு.

ஆண்டெனா வந்ததும் பக்கத்து வீட்டுக்கும் இணையம் கொடுக்கத் தோன்றும்தானே. இந்தோனேசியாவில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு 'எர்தே', பல எர்தே சேர்ந்தால் ஒரு 'எர்வே'. அரசாங்கத்தின் அடிமட்டத் தெரு அமைப்பு அது. ஒரு வீட்டில் இணைப்பு வாங்கித் தெருவுக்கே பகிரும் முறைக்கு எர்தே-எர்வே நெட் என்று பெயர் விழுந்தது. தொடக்கத்தில் டெலிகாம் நிறுவனத்தின் டிஎஸ்எல் இணைப்பு, பிறகு ஃபைபர், 2024 மே மாதத்துக்குப் பிறகு சில இடங்களில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணைப்பு. பெட்டிக்கடையில் சின்னச் சீட்டில் அச்சிட்ட கடவுச்சொல் விற்பனைக்குக் கிடைக்கும். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபியா கொடுத்தால் சில மணி நேரம் இணையம். நம் காசுக்குப் பத்துப் பதினைந்து ரூபாய். அந்தச் சீட்டை உருவாக்குகிற மைக்ரோடிக் மென்பொருளை ஓட்டத் தெரிந்தவன் பெரும்பாலும் தேகாஜே படித்த பையன்தான். கொரோனாவில் பள்ளிகள் மூடி வகுப்புகள் கைபேசிக்கு மாறியபோது, கோபுரமே எட்டாத கிராமங்களில் இந்தச் சீட்டுதான் பள்ளிக்கூடம்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? உரிமம் இல்லாமல் தொலைத்தொடர்புச் சேவை நடத்துவதற்கு 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47ஆம் பிரிவு முதலில் வகுத்த தண்டனை ஆறு ஆண்டு வரை சிறை, 60 கோடி ரூபியா வரை அபராதம்; பின்னாளில் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. வீட்டுக்கு வாங்கிய இணைப்பை விற்பதும் ஒப்பந்த மீறல். 2019இல் அமைச்சகம் ஒரு வழியைத் திறந்தது. உரிமம் பெற்ற நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு அதன் சேவையை மறுவிற்பனை செய்யலாம். அதற்குப் பதிவு, வரி, தாள் வேலை எல்லாம் உண்டு. பள்ளியில் ரூட்டருக்கு ஃபயர்வால் எழுதக் கற்றுக் கொடுக்கிறார்கள். தொழில் பதிவு செய்வதைக் கற்பிக்கவும் தொழில்முனைவு என்ற பெயரில் ஒரு பாடம் உண்டு. அந்தப் பாடத்தில் பிள்ளைகள் வாழைக்காய் சிப்ஸ் பொட்டலம் கட்டி விற்றுக்கொண்டிருக்கிறார்கள். நான்கு தெரு தள்ளி அவர்களுடைய சீனியர் உரிமம் இல்லாமல் இருநூறு வீட்டுக்கு இணையம் கொடுத்துக்கொண்டிருப்பான். இரண்டையும் சேர்த்து யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் எனக்குப் பிடிபடாத விஷயம்.

செய்தித்தாள் தேர்வு

இந்தோனேசியப் புள்ளியியல் துறையின் கணக்குக்கு வருவோம். 2024 ஆகஸ்ட்டில் நாட்டின் வேலையின்மை விகிதம் 4.91 சதவீதம். தொழிற்பள்ளி முடித்தவர்களிடம் 9.01. பொதுப்பள்ளி முடித்தவர்களிடம் 7.05. வேலைக்கென்றே படித்தவர்கள் வேலையில்லாமல் இருப்பதில் முதலிடம். 2018இல் இது 11.24 ஆக இருந்தது. கொஞ்சம் இறங்கியிருக்கிறது, முதலிடம் மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு முறை இந்த எண் வெளியாகும்போதும் தலைப்புச் செய்தி ஆகும், அமைச்சர் விளக்கம் சொல்வார்.

இந்த எண்ணை அப்படியே விழுங்கவும் கூடாது. தொடக்கப் பள்ளியோடு நின்றவர்களிடம் வேலையின்மை 2.32 சதவீதம்தான். அவர்களுக்கு நல்ல வேலை கிடைத்துவிட்டது என்று பொருள் இல்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் வேலையில் இருப்பவர் என்பது கணக்கு. சும்மா இருக்க வசதியில்லாதவர் எதையாவது செய்துகொண்டுதான் இருப்பார். பொதுப்பள்ளிப் பிள்ளைகளில் பலர் கல்லூரிக்குப் போய்விடுவதால் வேலை தேடுவோர் கணக்கிலேயே வருவதில்லை. தொழிற்பள்ளிப் பிள்ளை பதினெட்டு வயதில் நேரே சந்தைக்கு வந்து நிற்கிறான். உலகத்தில் எங்குமே பதினெட்டு வயதுக்காரனுக்கு முதல் வேலை உடனே கிடைப்பதில்லை.

இவ்வளவு சலுகை கொடுத்துப் பார்த்தாலும் மிச்சம் இருக்கிற உண்மை கசப்பானதுதான். தொழிற்பள்ளிகள் தங்கள் பிள்ளைகளுக்கு மூன்று வழி காட்டுகின்றன: வேலை, மேற்படிப்பு, சொந்தத் தொழில். இந்தோனேசிய மொழியில் மூன்றின் முதலெழுத்தும் சேர்ந்தால் பிஎம்டபிள்யூ. ஆண்டு விழாவில் தலைமை ஆசிரியர் இதைச் சொல்லும்போது எல்லோரும் சிரிப்பார்கள். வேலை என்கிற பி, பெரும்பாலும் சிகாராங், கரவாங், பாத்தாம் தொழிற்சாலைகளின் அசெம்பிளி வரிசை. ஒவ்வொரு பள்ளியிலும் வேலைவாய்ப்புப் பிரிவு ஒன்று உண்டு. ஆலைகள் அங்கேயே வந்து ஆள் எடுக்கின்றன. அளவுகோல் என்ன? உயரம் இவ்வளவு இருக்க வேண்டும், கண் பார்வை நன்றாக இருக்க வேண்டும். பிறகு கிரேபெலின் என்ற தேர்வு. தாள் முழுக்க எண்கள் தூண் தூணாக அச்சிட்டிருக்கும். பக்கத்துப் பக்கத்து எண்களைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், மணி அடித்ததும் அடுத்த தூணுக்குத் தாவ வேண்டும். தாள் அவ்வளவு பெரிது என்பதால் செய்தித்தாள் தேர்வு என்று பெயர். மூன்று வருடம் வலைப்பின்னலைக் கூறுபோடக் கற்றவனிடம் ஆலை கேட்பது, சலிக்காமல் ஏழையும் எட்டையும் கூட்டிக்கொண்டிருப்பாயா என்று.

தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் விளம்பரங்களோ பட்டம் அல்லது மூன்றாண்டு டிப்ளமோ கேட்கின்றன. அவை இருப்பதும் ஜகார்த்தா, பாண்டுங், யோக்யகர்த்தா, சுரபாயா. பிள்ளைகள் இருப்பது மாவட்டத்துக்கு மாவட்டம்.

படிப்பின் நடுவில் 'பேகாஎல்' என்று ஒரு வேலைப் பயிற்சிக் காலம் உண்டு. மூன்றிலிருந்து ஆறு மாதம் ஏதாவது ஒரு நிறுவனத்தில். வட்டார அரசு அலுவலகத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டும் காபி கலந்துகொண்டும் திரும்புவது ஓயாத கேலி. ஆனால் தெருமுனைக் கணினி சர்வீஸ் கடைக்குப் போனவன் கதை வேறு. மதர்போர்டில் வீங்கிய கெப்பாசிட்டரைப் பார்த்ததும் அடையாளம் தெரியும், வாடிக்கையாளரிடம் விலை பேசத் தெரியும். பெரிய பெயர் கொண்ட நிறுவனத்தில் பயிற்சி கிடைத்தால் பெற்றோருக்குப் பெருமை. பிள்ளைக்கு உருப்படியாகக் கிடைப்பது சின்னக் கடையில் என்பதை அனுபவப்பட்ட ஆசிரியர்கள் மறுக்க மாட்டார்கள்.

அரசியல்வாதிகளுக்குத் தொழிற்பள்ளி என்றால் காட்சிப்பொருள். 2012 ஜனவரியில் சோலோ நகர மேயராக இருந்த ஜோகோவி, தொழிற்பள்ளி மாணவர்கள் பொருத்திய 'எஸெம்கா' காரைத் தன் அலுவலக வண்டியாக்கினார். பெயரே எஸ்எம்கா என்பதன் உச்சரிப்பு. நாடே கொண்டாடியது. முதல் புகைச் சோதனையில் வண்டி தோற்றது, ஆகஸ்டில் தேறியது. அவர் அதிபராகி, 2019 செப்டம்பரில் போயோலாலியில் ஆலையைத் திறந்து வைத்தார். அதற்குப் பிறகும் சாலையில் அந்த வண்டியைப் பார்ப்பது அபூர்வம். அதே அதிபர் 2016இல் தொழிற்பள்ளிச் சீரமைப்புக்கு ஆணை பிறப்பித்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அப்போதுதான் தொழில் பாட ஆசிரியர் பற்றாக்குறை வெளிச்சத்துக்கு வந்தது. வேறு பாட ஆசிரியர்களுக்கே கூடுதல் பயிற்சி கொடுத்துத் தொழில் பாடத்துக்கு மாற்றினார்கள். நேற்று வரை வேறு பாடம் நடத்தியவர் இன்று ரூட்டர் சொல்லித்தர வேண்டும். மாணவன் யூடியூபில் பார்த்துவிட்டு வந்து கேட்கும் கேள்விக்கு அவர் என்ன செய்வார், பாவம்.

பெயர் மாறிய பின்

2013க்குப் பின்னால் வந்த இன்னொரு பாடத்திட்டத்தில் பிரிவுகளின் பெயர்கள் மாறின. எர்பேஎல் பிரிவில் விளையாட்டு மென்பொருளும் சேர்ந்தது. தேகாஜே பிரிவில் தொலைத்தொடர்பு சேர்ந்தது. ஊரில் யாரும் புதுப் பெயரைச் சொல்வதில்லை, தேகாஜே தேகாஜேதான். ஆனால் இந்த மாற்றத்தில் ஒன்று மட்டும் நிலவரத்தோடு பொருந்தியிருக்கிறது. கண்ணாடி இழை.

வாணலிக் காலம் முடிந்துவிட்டது. இப்போது கம்பத்துக்குக் கம்பம் ஃபைபர். நாட்டில் உரிமம் பெற்ற இணைய நிறுவனங்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. பெரும்பாலானவை ஒரு மாவட்டம், இரண்டு மாவட்டம் என்று சின்ன வட்டத்துக்குள் ஓடுபவை. திருட்டுத்தனமாகத் தெருவுக்கு இணையம் விற்றவர்களில் சிலர் நிறுவனம் பதிவு செய்து இந்தப் பட்டியலுக்குள் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஏணி ஏறத் தெரிந்த, இழையை ஒட்டத் தெரிந்த, இரவு பத்து மணிக்கு வீட்டுக்காரம்மா போன் செய்தால் மைக்ரோடிக்கைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். பட்டம் கேட்பதில்லை, உயரம் கேட்பதில்லை. சம்பளம் மாவட்டத்தின் குறைந்தபட்ச ஊதியத்தைச் சுற்றி நிற்கும், சில இடங்களில் அதற்கும் கீழே. ஆனாலும் சொந்த ஊரில், படித்த வேலை.

கேபிளுக்குத் தலை மாட்டுவது போல இழை ஒட்டுவது கையால் ஆகிற காரியம் இல்லை. ஸ்ப்ளைசர் என்ற இயந்திரம் வேண்டும். தலைமுடி தடிமனுள்ள இரண்டு இழைகளின் முனைகளை நேருக்கு நேர் நிறுத்தி, மின்பொறியில் உருக்கி ஒட்டும். வெட்டு சாய்ந்திருந்தால், ஒரு தூசு ஒட்டியிருந்தால் ஒளி கசியும். பத்துப் பதினைந்து ஒட்டினால்தான் கை பழகும். தொழிற்பள்ளியில் ஒரு வகுப்புக்கு 36 பேர் வரை சேர்க்கலாம் என்பது விதி. ஸ்ப்ளைசரின் விலையோ ஒரு மோட்டார் சைக்கிள் விலை. வாங்கிய பள்ளியிலும் ஒன்று இருந்தால் பெரிது. அதனால் சில தேகாஜே ஆசிரியர்கள் வேலைப் பயிற்சிக்கு இடம் தேடும்போது அரசு அலுவலகத்தையும் பெரிய நிறுவனத்தையும் விட்டுவிட்டு, உள்ளூர் இணைய நிறுவனத்தின் கதவைத்தான் முதலில் தட்டுகிறார்கள். அங்கேயும் வருடத்துக்கு நான்கைந்து பிள்ளைகளுக்குத்தான் இடம்.